யுரேகா: கண்டுபிடிச்சேனா, கண்டுபிடிச்சிருக்கேனா?

"பழங்கால கிரேக்க மொழியில உங்களுக்குத் தெரிஞ்ச வினைச்சொல் ஒண்ணு சொல்லுங்க"ன்னு யாராவது கேட்டா நம்மள்ல பாதிப்பேர் 'ஙே'ன்னு முழிப்போம். நானும் முழிச்சிருப்பேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் ஒண்ணு தெரியும். யுரேகா!

எங்க அறிவியல் வாத்தியார் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நடத்தின அன்னிக்கு கிளாஸே களை கட்டிச்சு. காரணம் மிதப்பு விசை இல்லை. குளிச்சிட்டிருந்த ஒரு மேதை துணி கூட உடுத்தாம தெருவுல ஓடினார்ங்கற ஒரே ஒரு சமாச்சாரம் தான். கடைசி பெஞ்ச் சிரிச்ச சிரிப்புல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு யாரும் கேக்கலை. வாத்தியாரும் "கண்டுபிடிச்சேன், கண்டுபிடிச்சேன்னு கத்திக்கிட்டே ஓடினார்"னு சொல்லிட்டு அடுத்த பாராவுக்குப் போயிட்டார்.

அவர் சொன்னது தப்பில்லை. ஆனா முழுசா சரியும் இல்லை. அந்த சின்ன வித்தியாசம் என் வாழ்க்கையில ஒரு இடத்துல வந்து குத்தும்னு அப்ப எனக்கெப்படி தெரியும்? இந்தப் பதிவு அதைப் பத்தி தான். நடுவுல கொஞ்சம் இலக்கணம் வரும். எஸ்கேப் ஆகிடாதீங்க மக்களே, ரொம்ப அறுக்க மாட்டேன்.

பொட்டி தட்டுற வேலையில இருக்கறவங்களுக்கு 'ஹியூரிஸ்டிக்'ங்கற வார்த்தை பழக்கமானது. மேப்ல ஒரு இடத்துக்கு வழி தேடறதுக்கான நிரல்ல, எல்லா வழியையும் கணக்கு போட்டுக்கிட்டிருந்தா விடிஞ்சிடும். அதனால 'நேர்கோட்டு தூரம் எந்தப் பக்கம் கம்மியோ அந்தப் பக்கம் முதல்ல தேடு'ன்னு ஒரு குத்துமதிப்பான விதி வைப்போம். அந்த மாதிரி விதிக்குப் பேர் தான் ஹியூரிஸ்டிக். எப்பவும் சரியா வரும்னு உத்தரவாதம் இல்லை. பெரும்பாலும் வேலைக்காகும், அவ்வளவு தான்.

2022 கடைசியில ஒரு நாள் ஆணி கம்மியா இருந்த சமயம், இந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் பார்த்தேன். 'ஹெவ்ரிஸ்கோ'ன்னு ஒரு கிரேக்க வினை. தேடிக் கண்டுபிடிக்கிறேன்னு அர்த்தம். அதுக்குக் கீழேயே இன்னொரு வரி: யுரேகாவும் இதே வினை தான். அதாவது, 'பெரும்பாலும் வேலைக்காகும்'ங்கற குத்துமதிப்பும், குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடின அந்தக் கூச்சலும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அதுக்கு வேற ஒரு காரணம் இருக்கு, பின்னால சொல்றேன்.

சும்மா இருந்த சங்கை ஊதின கதையா, ஸ்மைத்னு ஒருத்தர் 1920-ல வெளியிட்ட கிரேக்க இலக்கணப் புத்தகத்தை இறக்கி வெச்சுக்கிட்டு, மின்சார ரயில்ல போகும்போதும் வரும்போதும் படிக்க ஆரம்பிச்சேன். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்துட்டு, "என்ன தம்பி, பேங்க் எக்ஸாமா?"ன்னார். "ஆமா சார்"னுட்டேன். வேற என்ன சொல்ல?

சரி, இப்போ யுரேகாவைப் பிரிச்சு மேயலாம். கிரேக்கத்துல அதோட உண்மையான உச்சரிப்பு ஏறக்குறைய 'ஹெவ்ரேக்க'. முன்னாடி ஒரு 'ஹ' உண்டு. நம்ம கைக்கு வந்து சேர்ந்த வடிவத்துல அந்த 'ஹ' கழண்டு விழுந்துடுச்சு. ஹியூரிஸ்டிக்ல மட்டும் தப்பிச்சு நிக்குது.

'ஹெவ்ரே' வினையோட அடி. 'க்' காலத்தைக் காட்டுற சின்னம். கடைசியில இருக்கற குட்டி 'அ' தான் 'நான்'. நம்ம 'கண்டேன்'ல 'ஏன்' எப்படியோ அப்படி. தனியா 'நான்'னு சொல்ல வேண்டியதே இல்லை, வினைக்குள்ளேயே ஆள் உட்கார்ந்திருக்கார். இங்கிலீஷ்காரங்களுக்கு இது அதிசயம். நமக்கு பழகின வீடு.

இந்த 'க்' இருக்கே, இது தான் விஷயமே. இது வர்றது சாதாரண இறந்தகாலத்துல இல்லை. கிரேக்கத்துல கடந்துபோனதைச் சொல்ல பல வடிவம் இருக்கு. அதுல முக்கியமான ரெண்டை மட்டும் பார்ப்போம்.

ஒண்ணு, அயோரிஸ்ட். 'எல்லை வகுக்காதது'ன்னு அந்தப் பேருக்கு அர்த்தம். ஒரு காரியம் நடந்துச்சு, அவ்வளவு தான். இப்ப அதோட நிலைமை என்ன, அது இன்னும் இருக்கா போச்சா, அதைப் பத்தி வாயே திறக்காது. நம்ம வினையில இது 'ஹெவ்ரொன்'. கண்டுபிடிச்சேன்.

இன்னொண்ணு தான் இங்கிலீஷ் இலக்கணத்துல பர்ஃபெக்ட்னு சொல்றது. பழைய கிரேக்க இலக்கணக்காரங்க இதுக்கு வெச்ச பேர் 'பரகெய்மெனொஸ்'. 'பக்கத்துல கிடப்பது'. எனக்கு ரொம்பப் பிடிச்ச பேர் இது. காரியம் முடிஞ்சு போச்சு, ஆனா அதோட விளைவு நகராம இப்பவும் நம்ம பக்கத்துலயே கிடக்கு. அது தான் 'ஹெவ்ரேக்க'.

இந்த வடிவத்தை அடையாளம் கண்டுபிடிக்கறதும் சுலபம். பெரும்பாலான வினைகள்ல முதல் மெய்யெழுத்து ஒரு தடவை இரட்டிக்கும். 'லுவோ' (அவிழ்க்கிறேன்) 'லெலுக்க' ஆகும். 'க்ரஃபோ' (எழுதுகிறேன்) 'கெக்ரஃப' ஆகும், அதுல 'க்' சின்னம் கூட வராது. சமஸ்கிருதத்துலயும் இதே கூத்து உண்டு, 'க்ரு'ங்கற வேர் 'சகார'ன்னு ஆகும். ரெண்டும் தூரத்து சொந்தம் இல்லையா. நம்ம வினை உயிரெழுத்துல ஆரம்பிக்கறதால இரட்டிக்க மெய்யெழுத்து கிடையாது. சில ஏடுகள்ல முதல் உயிர் மட்டும் கொஞ்சம் நீளும், சிலதுல அதுவும் இல்லாம அப்படியே நிக்கும்.

'சரிப்பா, கண்டுபிடிச்சேனுக்கும் இதுக்கும் நடைமுறையில என்ன வித்தியாசம்?'னு கேப்பீங்க. நம்ம வீட்டுக்கே வாங்க, புரியும்.

நீங்க உள் ரூம்ல லுங்கியோட படுத்துக்கிட்டு போனை நோண்டிட்டிருக்கீங்க. ஹால்லேர்ந்து அம்மா, "மாமா வந்தார்டா"ன்னு சொல்றாங்க. "அப்படியா, எப்ப? என்ன சொன்னார்?"னு படுத்துக்கிட்டே கேப்பீங்க. வந்தார், போயிருக்கலாம். இப்ப அம்மா, "மாமா வந்திருக்கார்டா"ன்னு சொல்றாங்க. உடனே எழுந்து சட்டையைத் தேடுவீங்க. ஏன்னா மாமா இப்ப ஹால்ல உட்கார்ந்திருக்கார். வந்தது முடிஞ்சு போன காரியம் தான். ஆனா அந்த வரவோட விளைவு சோஃபாவுல உட்கார்ந்து தண்ணி கேக்குது.

'வந்தார்' அயோரிஸ்ட் மாதிரி. 'வந்திருக்கார்' பரகெய்மெனொஸ் மாதிரி. நம்ம ஆளுங்க அதுக்கு 'இரு'ங்கற வினையையே கொண்டு வந்து ஒட்டியிருக்காங்க பாருங்க. வந்து, இருக்கார். கிரேக்கன் ஒரு எழுத்தை இரட்டிச்சு செஞ்சதை நாம ஒரு சொல்லை ஒட்டி செஞ்சுட்டோம்.

இந்த வடிவம் எவ்வளவு தூரம் நிகழ்காலத்துல கால் ஊன்றி நிக்கும்னு சொல்ல சில உதாரணம். 'தெத்னேகெ'ன்னா 'அவன் செத்தான்'னு இல்லை, 'அவன் உயிரோட இல்லை'ன்னு அர்த்தம். 'ஹெஸ்தேக்க'ன்னா 'நிற்கிறேன்'. 'மெம்னேமை'ன்னா 'ஞாபகம் வெச்சிருக்கேன்'. எல்லாமே வடிவத்துல முடிஞ்ச காரியம், பொருள்ல இப்போதைய நிலைமை. இதுல ராஜா 'ஒய்த'ங்கற வினை. அது இரட்டிக்கறது கூட இல்லை. பார்க்கறதுங்கற பொருள் உள்ள ஒரு ஆதி வேரிலிருந்து வந்தது. 'பார்த்த நிலையில இருக்கேன்', அதனால 'எனக்குத் தெரியும்'. சமஸ்கிருதத்துல 'வேத'ங்கற வினைவடிவமும் இதே வேர், இதே வடிவம், இதே பொருள். பார்த்தவனுக்குத் தான் தெரியும்ங்கறதை இலக்கணத்துக்குள்ளயே போட்டு வெச்சுட்டாங்க.

இப்ப ஆர்க்கிமிடீஸ்கிட்ட போவோம். அந்தக் கதையை நமக்கு விவரமா சொன்னவர் விட்ருவியஸ்ங்கற ரோமாபுரி கட்டடக்கலைஞர், தன்னோட நூலின் ஒன்பதாம் பாகத்து முன்னுரையில. ஆர்க்கிமிடீஸ் செத்தது கி.மு. 212-ல. விட்ருவியஸ் எழுதினது சுமார் 200 வருஷம் கழிச்சு. சிரக்யூஸ் மன்னர் ஹியரோன் ஒரு பொன் கிரீடம் செய்யச் சொல்லி தங்கத்தை எடை போட்டு ஒருத்தர்கிட்ட கொடுக்கறார். கிரீடம் அதே எடைக்கு வந்து சேருது. ஆனா தங்கத்தைக் கொஞ்சம் எடுத்துட்டு வெள்ளியைக் கலந்துட்டான்னு ஒரு புகார் வருது. கிரீடத்தைச் சேதப்படுத்தாம கண்டுபிடிக்கணும். அந்த யோசனையோடயே குளிக்கப் போன ஆர்க்கிமிடீஸ், தொட்டியில இறங்க இறங்க தண்ணி வழியறதைப் பார்க்கறார், எழுந்து ஓடறார். விட்ருவியஸ் லத்தீன்ல எழுதினாலும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் கிரேக்கத்துல அப்படியே விட்டுட்டார், ரெண்டு தடவை.

கவனிங்க, அந்த வார்த்தைக்கு செயப்படுபொருள் கிடையாது. எதைக் கண்டுபிடிச்சேன்னு சொல்லலை. இன்னொண்ணு, அந்த நிமிஷத்துல அவருக்கு விடையே தெரியாது! கிரீடத்தை இன்னும் தண்ணியில முக்கலை. பொற்கொல்லன் திருடனா இல்லையான்னு ஓடற மனுஷனுக்குத் தெரியாது. கையில இருந்தது ஒரு வழி மட்டும் தான். அப்புறம் ஏன் அயோரிஸ்ட்ல சொல்லாம இந்த வடிவத்துல கத்தினார்? ஏன்னா அவர் சொன்னது ஒரு சம்பவத்தைப் பத்தி இல்லை, தன்னைப் பத்தி. ஒரு நிமிஷம் முன்னாடி இருந்த ஆள் இப்ப இல்லை, நான் 'கண்டுபிடிச்சிருக்கற ஆள்' ஆயிட்டேன்னு சொல்றார். அந்த சந்தோஷம் எனக்கு நல்லாவே புரியும். ஏன்னா அதே மாதிரி நானும் ஒரு தடவை கத்தியிருக்கேன். நல்லவேளை, உடுத்தியிருந்தேன்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2022 மார்ச் 31 ராத்திரி.

எங்க டீம்ல ஒரு ராத்திரி வேலை உண்டு. தினமும் பதினொன்றரைக்கு ஆரம்பிச்சு, அன்னிக்கு நடந்த பரிவர்த்தனைகளையெல்லாம் கூட்டி ஒரு அறிக்கை அனுப்பும். அன்னிக்கு காலாண்டு கடைசி நாள். அனுப்பின அறிக்கையில தொகை அதிகமா வந்துடுச்சு. சில பதிவுகள் ரெண்டு தடவை கூட்டல்ல ஏறியிருக்கு. கிளையண்ட் காய்ச்சி எடுத்தார், எங்க டேமேஜர் எங்களைக் காய்ச்சினார். ராத்திரி ரெண்டு மணிக்கு நான் தனியா உட்கார்ந்து தேடிக்கிட்டிருந்தேன்.

இந்த மாதிரி நேரத்துல எங்க எல்லாருக்கும் கை தானா போற இடம் ஒண்ணு உண்டு: கடைசியா யார் கை வெச்சாங்க? பார்த்தேன். டீம்ல சேர்ந்து எட்டு மாசமே ஆன ஒரு தம்பி அன்னிக்கு மதியம் தான் அதே பகுதியில ஒரு மாற்றம் செஞ்சிருந்தான். தோத்துப்போன பரிவர்த்தனையைத் திரும்ப முயற்சி பண்ற இடம். திரும்ப முயற்சி பண்ணினா ரெண்டு தடவை ஏறலாம் இல்லையா? தலையில பல்பு எரிஞ்சுது. அவன் மாற்றத்தை எடுத்துட்டு பழசைப் போட்டேன். அடுத்த நாள் ராத்திரி ஓடின அறிக்கை சுத்தமா வந்துச்சு.

போன் போட்டு டேமேஜர்கிட்ட சொன்னது இன்னும் காதுல கேக்குது. "சார், கண்டுபிடிச்சிட்டேன். அந்தத் தம்பி தான் மாத்தியிருக்கான்."

இந்த 'இருக்கான்'ல ஒரு சூட்சுமம் இருக்கு. காலையில எழுந்து வாசலைப் பார்த்து, "ராத்திரி மழை பெஞ்சிருக்கு"ன்னு சொல்றோம். மழையை நாம பார்க்கலை. பார்த்தது ஈரத் தரையை. தமிழ்ல இந்த 'இரு' விளைவை மட்டும் சொல்லாது, விளைவைப் பார்த்து காரணத்தை யூகிக்கறதுக்கும் இதே தான். பெரும்பாலும் சரியாவும் இருக்கும். ஆனா சில நாள் பக்கத்து வீட்டு அக்கா வாசல் தெளிச்சிருப்பாங்க. நான் ஈரத்தைப் பார்த்தேன், மழைன்னுட்டேன். 'கடைசியா கை வெச்சவன் தான் உடைச்சவன்'ங்கறது ஹியூரிஸ்டிக். நான் அதை வெச்சுக்கிட்டு யுரேகான்னு கத்திட்டேன்.

மூலகாரணம் பத்தி ஒரு ஆவணம் எழுதி வைக்கணும். எழுதினேன். காரணம்ங்கற கட்டத்துல அந்தத் தம்பியோட மாற்றத்தோட எண்ணைப் போட்டேன். ஏப்ரல்ல அவனை எங்க டீம்லேர்ந்து எடுத்து வேற எங்கயோ போட்டாங்க. அந்த வருஷ மதிப்பீட்டுல அடி வாங்கினான். மே மாசம் வேலையை விட்டுட்டான். கடைசி நாள் என்கிட்ட வந்து, "வரேண்ணா"ன்னு கை கொடுத்தான். நானும், "ஆல் த பெஸ்ட்டுப்பா"ன்னேன்.

இங்க ஒரு நிமிஷம் அந்தப் பொற்கொல்லன்கிட்ட போயிட்டு வரலாம். அந்தக் கதையில எல்லாரும் ஆர்க்கிமிடீஸ் பின்னாடியே ஓடறோம், அவனை யாரும் கண்டுக்கறதில்லை. விட்ருவியஸ் சொல்றபடி, கிரீடத்தோட எடைக்கு சமமா ஒரு தங்கக் கட்டி, ஒரு வெள்ளிக் கட்டி எடுத்து, ஒவ்வொண்ணா விளிம்பு வரைக்கும் நிரப்பின பாத்திரத்துல முக்கி, வழிஞ்ச தண்ணியைத் திரும்ப அளந்து ஊத்திப் பார்த்தார். கிரீடம் தங்கத்தை விட அதிகமா வழிய வெச்சுது. திருட்டு நிரூபணம். அதோட அவர் நிறுத்திக்கறார். பொற்கொல்லனுக்கு என்ன ஆச்சுன்னு அங்க ஒரு வரி கிடையாது.

நம்ம புத்தி தான் சும்மா இருக்காதே, கணக்கு போட்டுப் பார்த்தேன். கிரீடத்தோட எடையை விட்ருவியஸ் சொல்லலை, நான் ஒரு கிலோன்னு வெச்சுக்கிட்டேன். சுத்தத் தங்கம்னா, ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம் கணக்குல, கிட்டத்தட்ட 52 கன செ.மீ. இடம் பிடிக்கும். அதுல 30 சதவீதம் வெள்ளி கலந்திருந்தா 65 கன செ.மீ. வித்தியாசம் 13 தான். பாத்திரத்தோட வாய் 20 செ.மீ. அகலம்னா, நீர்மட்டத்துல வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர்! விளிம்புல தண்ணி உப்பி நிக்கும், தூக்கும்போது கையில, உலோகத்துல ஒட்டிக்கிட்டு வரும். இதை வெச்சு ஒரு மனுஷனைத் திருடன்னு சொல்றது... நெஞ்சைத் தொட்டு சொல்லுங்க.

இது நான் புதுசா கண்டுபிடிச்சதில்லைங்க. 1586-ல, 22 வயசு கலிலியோ 'சின்னத் தராசு'ன்னு ஒரு சிறு கட்டுரை எழுதினார். இந்த வழிஞ்ச தண்ணி சமாச்சாரம் ரொம்ப முரட்டுத்தனம், ஆர்க்கிமிடீஸ் மாதிரி ஆள் இதை நம்பியிருக்க மாட்டார், தண்ணிக்குள்ள முக்கி தராசுல எடை போட்டிருப்பார்ங்கறது அவர் வாதம். மிதப்பு பத்தி ஆர்க்கிமிடீஸே எழுதின நூல் இருக்கு, அதுல குளியலும் இல்லை கிரீடமும் இல்லை. ஆக ஆர்க்கிமிடீஸ் தப்பிச்சார். பொற்கொல்லன்?

2022 ஜூன் 30. அடுத்த காலாண்டு கடைசி நாள். அறிக்கை திரும்பவும் தப்பா வந்துச்சு. அதே மாதிரி, ரெண்டு தடவை.

இந்தத் தடவை குத்தம் சொல்ல கடைசியா கை வெச்சவன் யாரும் இல்லை. முதல் வரியிலிருந்து படிச்சேன். விடியற்காலை அஞ்சு மணிக்குத் தெரிஞ்சுது. நிரல் 'இன்னிக்கு என்ன தேதி'ன்னு ரெண்டு இடத்துல கேக்குது, ஆரம்பத்துல ஒரு தடவை, முடிவுல ஒரு தடவை. மத்த நாள்ல பன்னெண்டுக்குள்ள வேலை முடிஞ்சிடும், ரெண்டும் ஒரே தேதி. அந்த வருஷம் பாரம் கூடிப்போனதால காலாண்டு கடைசி நாள்ல மட்டும் வேலை நள்ளிரவைத் தாண்டுது. ரெண்டும் வேற வேற தேதி. நடுவுல மாட்டின பதிவெல்லாம் ரெண்டு பக்கமும் ஏறுது. மார்ச்ல நான் பழசைப் போட்டதும் சரியானது ஏன்னா, அடுத்த நாள் ஏப்ரல் 1. அவ்வளவு தான்.

அந்த ரெண்டு வரியை எழுதினது யாருன்னு பார்த்தேன். 2020 ஆகஸ்ட். என் பேர்.

காலையில போய் டேமேஜர்கிட்ட சொன்னேன். "சரி விடுப்பா, சரி பண்ணிட்டல்ல. அந்தப் பையன் தான் போயிட்டானே"ன்னார். போயிட்டான். பக்கத்துல கிடப்பதுங்கறது இது தான். மார்ச் ஆவணத்தைத் திறந்தேன். காரணம்ங்கற கட்டத்துல அவனோட எண் மூணு மாசமா அப்படியே கிடந்துச்சு. அடிச்சுட்டு என் பேரையும் 2020 தேதியையும் போட்டு, அவன் மாற்றத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதி, மேல இருக்கறவங்களுக்கும் மனிதவளத் துறைக்கும் மெயில் அனுப்பினேன். மெயிலுக்கு ஒரு நன்றி வந்துச்சு. அவன் மதிப்பீடு அப்படியே தான் இருந்துச்சு.

அவனுக்கு மெசேஜ் பண்ண எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு. பயம் தான், வேற என்ன. ஹெவ்ரிஸ்கோவைத் தேடிப் பார்த்து தூக்கம் வராம கிடந்தேன்னு சொன்னேனே, அன்னிக்கு ராத்திரி தான் அனுப்பினேன். தப்பு என்னோடது, உன்மேல போட்டுட்டேன், மன்னிச்சுடுப்பான்னு. காலையில பதில் வந்திருந்தது.

"தெரியும்ணா. அன்னிக்கே லாக்ல ரெண்டு தேதி வர்றதைப் பார்த்தேன். சொல்ல வந்தேன். நீங்க தான் ஏற்கெனவே கண்டுபிடிச்சிட்டீங்களே. விடுங்கண்ணா, இங்க வேலை நல்லா போகுது."

பார்த்தான், அதனால தெரியும். ஒய்த. எட்டு மாச அனுபவம் உள்ளவன் பார்த்திருக்கான், நாலு வருஷக்காரன் நான் கண்டுபிடிச்சிட்டேன். 'கண்டுபிடிச்சேன்'னு நான் சொல்லியிருந்தா, 'இதையும் பாருங்கண்ணா'ன்னு சொல்ல அவனுக்கு ஒரு இடுக்கு இருந்திருக்கும்னு தோணுது. 'கண்டுபிடிச்சிட்டேன்'ல அது இல்லை. கதவைச் சாத்திட்டேன்.

அதுக்கப்புறம் தான் ஸ்மைத்தும் மின்சார ரயிலும். அயோரிஸ்ட்ல சொன்ன பேச்சு பொய்யாகாது. ஒரு பொருளைக் கண்டுபிடிச்சு, திரும்பத் தொலைச்சாலும் 'கண்டுபிடிச்சேன்' உண்மை தான், நடந்தது நடந்தது தானே. ஆனா பரகெய்மெனொஸ்ல சொன்னா, சொல்ற இந்த நிமிஷத்துலயும் அது நிக்கணும். நிக்கலைன்னா சொன்னவன் தான் பொய்யன். இவ்வளவு பாரத்தை ஒரு 'க்' தாங்குது.

அந்த பாரம் தாங்காமலோ என்னவோ, பிற்காலத்துல கிரேக்கர்களே ரெண்டையும் கலக்க ஆரம்பிச்சாங்க. போகப்போக அந்தப் பழைய வடிவம் பேச்சு வழக்குலேர்ந்தே போயிடுச்சு. இன்னிக்கு ஏதன்ஸ்ல சாவியைத் தொலைச்சுட்டு திரும்பக் கிடைச்சா 'வ்ரீக்கா'ம்பாங்க. அதே பழைய வினை தான், தேய்ஞ்சு போனது. கடைசியில 'கா' கூட இருக்கு. ஆனா பொருள் சாதாரண 'கண்டுபிடிச்சேன்' தான். எங்க வாத்தியார் சொன்ன மாதிரி.

போன காலாண்டு கடைசி ராத்திரியும் ஒரு பிரச்சினை. டேமேஜர் போன் பண்ணினார். "என்னப்பா, கண்டுபிடிச்சிட்டியா?"

திரையில ஒரு மாற்றம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. மூணு மாசம் முன்னாடி சேர்ந்த பொண்ணு அன்னிக்கு மதியம் செஞ்சது.

"ஒண்ணு பார்த்தேன் சார். இன்னும் கண்டுபிடிக்கலை"ன்னேன். வெச்சதும் அந்தப் பொண்ணுக்கு போன் போட்டு, "தூங்கிட்டியாம்மா? நீ எதாவது பார்த்தியா?"ன்னு கேட்டேன்.

டிஸ்கி: கிரேக்க உச்சரிப்பைத் தமிழ் எழுத்துல கொண்டு வர்றது கொஞ்சம் கஷ்டம். ஏறக்குறைய தான் எழுதியிருக்கேன். விஷயம் தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க, திருத்திக்கறேன். இந்தத் தடவை கதவு திறந்தே இருக்கு :-)